காலாங் புது உள்ளரங்கம்: காசு நம்முது, சாவி யாருக்கு?

தேக்கா_குமார் | திங்கள், இரவு 9.12

வணக்கம். சிங்கப்பூர்ல, நம்ம காலாங்ல இருக்கிற பழைய உள்ளரங்கத்துக்குப் பதிலா குறைஞ்சது 18,000 இருக்கையோட புது அரங்கம் வரப்போகுது. 2024 தேசிய தினப் பேரணியில பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவிச்சாரு. அடுத்த வருசம் மார்ச்சில, அப்ப விளையாட்டுக்குப் பொறுப்பா இருந்த அமைச்சர் எட்வின் டோங் இருக்கை எண்ணிக்கையையும் சொல்லிட்டாரு. கூடவே விளையாட்டுப் பள்ளி உட்லண்ட்ஸ்ல இருந்து காலாங்குக்கு மாறுது, தேசியப் பயிற்சி நிலையமும் அங்கயே வருது.

பள்ளிக்கூடம், பயிற்சி நிலையம் பத்தி எனக்கு ஒரு பேச்சும் இல்ல. பிள்ளைங்க ஓடட்டும், நீந்தட்டும். என் கேள்வியெல்லாம் அந்த 18,000 நாற்காலி மேலதான். இப்ப இருக்கிற அரங்கத்துல 12,000 பேர் உட்காரலாம். விளையாட்டுக்குன்னு அது முழுசா நிறையுற நாள் எத்தனை? பூப்பந்து ஓப்பன் இறுதிச் சுற்றுக்கு நிறையும். 2014-ல இருந்து 2018 வரைக்கும் பெண்கள் டென்னிஸ் இறுதிப் போட்டி இங்க நடந்துச்சு, அப்ப நல்ல கூட்டம். மத்தபடி ஜனம் வந்து குவியறது பாட்டுக் கச்சேரிக்கு. அப்ப விளையாட்டு பேரைச் சொல்லிக் கச்சேரிக் கொட்டகை கட்டுறோமா? ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி கட்டுறவன் கேக்கறேன், அவ்வளவுதான்.

ஷாலினி_ஜே | திங்கள், இரவு 9.31

குமார் அண்ணா, கச்சேரின்னா அவ்வளவு இளக்காரமா? 2024 ஜனவரியில கோல்ட்பிளே ஆறு ராத்திரி, மார்ச்சில டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு ராத்திரி, ரெண்டும் பக்கத்துல 55,000 பேர் உட்கார்ற தேசிய விளையாட்டரங்கத்துல. தென்கிழக்காசியாவுல ஸ்விஃப்ட் பாடின ஒரே ஊர் நம்ம ஊர்தான். மணிலா, ஜகார்த்தா, பேங்காக்ல இருந்தெல்லாம் வந்து ஹோட்டல் எடுத்துத் தங்கினாங்க. என் ஆபீஸ்ல ஒரு ஃபிலிப்பினோ அக்கா வீட்டுல அந்த வாரம் சொந்தக்காரங்க ஆறு பேர் தரையில படுத்துக் கிடந்தாங்க.

ஆனா எல்லாருமே 55,000 பேரை இழுக்கிற கலைஞர் இல்லையே. 15,000, 18,000 பேரை இழுக்கிறவங்கதான் நிறைய. அவங்களுக்குப் பெரிய அரங்கம் காலியாத் தெரியும், பழைய உள்ளரங்கம் பத்தாது. நடுவுல ஒண்ணு வேணும். நாம யோசிச்சுக்கிட்டே இருக்கும்போது ஹாங்காங்காரன் 2025 மார்ச்சில கை டாக்கைத் திறந்துட்டான். 50,000 பேர் உட்கார்ற பெரிய அரங்கம், பக்கத்துலயே 10,000 பேருக்கு உள்ளரங்கம். செலவு 30 பில்லியன் ஹாங்காங் டாலர்.

தேக்கா_குமார் | திங்கள், இரவு 9.40

அவன் 30 பில்லியன் செலவு பண்ணினா நானும் பண்ணணும்னு என்னம்மா கட்டாயம்?

கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 10.05

கட்டடம் வேணுமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் முட்டிக்கறீங்க. என் கவலை ஒப்பந்தம். இந்தக் காலாங்லயே ஒரு தடவை பட்டதை யாரும் பேச மாட்டேங்கறீங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

புது தேசிய விளையாட்டரங்கம் இருக்கிற ஸ்போர்ட்ஸ் ஹப் வளாகத்துக்கு 2010 ஆகஸ்டுல கையெழுத்தாச்சு. 35 ஹெக்டர் நிலம், 1.33 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி, 25 வருச ஒப்பந்தம். அரசாங்கம் முன்பணமா எதையும் கொட்டல. தனியார் கூட்டமைப்பு ஒண்ணு கடன் வாங்கி, அதுவே வரைஞ்சு, கட்டி, நடத்தும். திறந்ததுக்கு அப்புறம் அரசாங்கம் வருசா வருசம் ஒரு தொகை கொடுக்கும். சராசரியா வருசத்துக்கு 193.7 மில்லியன். தாள்ல பார்த்தா அழகான ஏற்பாடு. கட்டடம் இழுத்துக்கிட்டே போனாலும், கூரை ஒழுகினாலும், அந்த வலி கட்டினவனுக்கு. 2008 நிதி நெருக்கடியில கடன் கிடைக்காம வேலை தள்ளிப்போனப்பக்கூட பொதுப்பணம் உள்ள மாட்டிக்கல.

சிக்கல் எங்க வந்துச்சு? நடத்துறவன் தனியார். அவனுக்கு ஒவ்வொரு நாளும் சரக்கு. ஒப்பந்தத்துல எழுதின நாளுக்கு மேல ஒரு நாள் வேணும்னாலும் மேசையில உட்கார்ந்து பேசணும். 2016 தேசிய தின அணிவகுப்பு புது அரங்கத்துல நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒத்திகைக்கெல்லாம் கூடுதல் நாள் வேணும்னு கேட்டப்ப முதல்ல சொன்ன விலை 26 மில்லியன். பேசிப் பேசி 10 மில்லியனுக்கு முடிஞ்சது. நம்ம வீட்டு ஹாலில நம்ம பிள்ளை பிறந்தநாளைக் கொண்டாட, குடியிருக்கிறவர்கிட்ட அனுமதி கேட்ட கதை.

2022 ஜூன்ல, ஒப்பந்தத்தை முறிச்சு நாங்களே எடுத்துக்கறோம்னு அரசாங்கத்தோட விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூர் அறிவிச்சுது. டிசம்பர் 9-ந்தேதி கை மாறுச்சு. முறிவுத் தொகை சுமார் 1.5 பில்லியன்.

தேக்கா_குமார் | திங்கள், இரவு 10.11

அப்ப 1.33 ஒரு பக்கம், 1.5 இன்னொரு பக்கம், நடுவுல வருசா வருசம் 193? ஆகக்கூடி எவ்வளவுய்யா ஆச்சு?

கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 10.24

அப்படிக் கூட்டக்கூடாது குமார். 1.33-ஐ முதல்ல போட்டது அவங்க. நாம வருசாந்தரத் தொகையில அதைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுக்கிட்டு வந்தோம், நடத்துற செலவும் அதுக்குள்ளயே. 2035 வரைக்கும் கட்ட வேண்டியதை 2022-லயே முடிச்சுக்கிட்டதுதான் இந்த 1.5. அதுல ஏறக்குறைய 1.2 பில்லியன் கட்டடத்தோட மதிப்பு, ஒப்பந்தம் ஓடியிருந்தாலும் கொடுத்துத்தான் தீரணும். மிச்சம் 300 மில்லியன் சொச்சம், அவங்களுக்கு இன்னும் வரவேண்டிய வருசங்களுக்கான சந்தை விலை. அந்த 300-ஐ வேணும்னா ‘சாவியைத் திரும்ப வாங்கின விலை’ன்னு நீங்க எழுதிக்கலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஓட்டுநர்_ராஜ் | திங்கள், இரவு 11.48

இப்பதான் வண்டியை நிறுத்தினேன். எல்லாரும் பில்லியன்ல பேசுறீங்க, நான் நிக்கல் ஹைவேயில பேசுறேன். ஸ்விஃப்ட் ராத்திரிகள்ல காலாங்ல இருந்து ஒரு ட்ரிப் எடுத்தா வழக்கமா வர்றதைவிட ரெண்டு மூணு மடங்கு வரும். ஆனா உள்ள போய் ஆளை ஏத்தி வெளிய வர்றதுக்குள்ள அந்த நேரத்துல மூணு ட்ரிப் அடிச்சிருக்கலாம். கூட்டம் ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலைய வாசல்ல வரிசையில நிக்குது, பாதிப் பேர் மவுண்ட்பேட்டன் ரோடு வரைக்கும் நடந்து வந்து கை காட்டுறாங்க. 18,000 பேர் அரங்கமும் 55,000 பேர் அரங்கமும் ஒரே ராத்திரியில விட்டா என்ன ஆகும்? கட்டுறவங்க ரோட்டையும் பார்க்கணும். அவ்வளவுதான், தூங்கப் போறேன்.

காலாங்_ரசிகன்73 | செவ்வாய், காலை 7.20

இளையவர்கள் பேசுவதை வாசித்தேன். பழைய தேசிய விளையாட்டரங்கம் எந்தக் காசில் கட்டப்பட்டது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 1969இல் சிங்கப்பூர் ஸ்வீப் லாட்டரியைத் தொடங்கியதே தேசிய விளையாட்டரங்கத்துக்குப் பணம் திரட்டத்தான். சட்டவிரோதச் சூதாட்டக்காரர்களிடம் போன காசை அரசாங்கம் தன் லாட்டரி நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸ் பக்கம் திருப்பி, அதில் அரங்கம் எழுப்பியது. 1973 ஜூலையில் திறப்பு. அதே ஆண்டு தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் அங்கேதான் நடந்தன. எங்கள் அப்பா வாரம் தவறாமல் டிக்கெட் எடுப்பார், ஒரு நாளும் விழுந்ததில்லை. "விழலேன்னா என்ன, அந்த அரங்கத்துல ஒரு தூண் என்னுது" என்பார்.

மலேசியக் கிண்ணப் போட்டிக்கு மதியமே போய் இடம் பிடிப்போம். மரப்பலகை இருக்கை, வெயிலில் காய்ந்து கிடக்கும், செய்தித்தாளை விரித்துத்தான் உட்கார முடியும். கச்சாங் பூத்தே விற்கிற நம் ஆட்கள் தலையில் தட்டுடன் படி ஏறி வருவார்கள். கடலையும் முறுக்கும் காகிதச் சுருளில் சூடாக இருக்கும். எஸ். ராஜகோபால் மூலையிலிருந்து பந்தை வளைத்து அடிக்கப் போகிறார் என்றால் அவர் ஓடி வருவதற்கு முன்பே பலகைகளில் காலால் உதைக்கத் தொடங்கிவிடுவோம். காலாங் முழக்கம் என்று பத்திரிகைகள் எழுதியதில் பாதி, வாயிலிருந்து வந்த சத்தம் அல்ல, அந்தப் பலகைச் சத்தம்.

2007இல் மூடினார்கள். புதியது 2014இல் திறந்தது. 310 மீட்டர் அகலக் குவிமாடம், உலகிலேயே பெரியது என்றார்கள். பெருமைதான். ஆனால் அந்த அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் ஆடியபோது திடலில் புல்லைவிட மணல் அதிகம். நெய்மார் நான்கு கோல் அடித்தார், எனக்கு நினைவில் நிற்பது ஆட்டக்காரர்களின் காலடியில் தெறித்த மணல். கூரை நிழலில் புல் வளரவில்லை. அப்புறம் வேறு வகைப் புல்லைக் கொண்டுவந்து பதித்தார்கள். காசு கொட்டிக் கட்டிய இடத்தில் முதலில் தோற்றது புல்.

புங்கோல்_ரேணு | செவ்வாய், காலை 8.02

ஐயா, அந்தப் பலகைச் சத்தத்தை எங்கப்பாவும் சொல்லிக் கேட்டிருக்கேன்.

எனக்கு ஒரு கேள்வி. பிள்ளைங்க ரெண்டு பேரும் பூப்பந்து ஆடுறாங்க. சனி ஞாயிறுல ஒரு கோர்ட்டு கிடைக்கணும்னா குலுக்கல்ல பேர் போட்டுட்டு சாமியைக் கும்பிடணும். கிடைக்கலேன்னா பள்ளி மண்டபம் எங்க திறந்திருக்குன்னு தேடணும், அதுலயும் ஆள் முந்திக்கிறாங்க. தெம்பனிஸ் மையத்தைப் பாருங்க. 2017-ல திறந்தது, அரை பில்லியன் வெள்ளி. 5,000 பேர் உட்கார்ற திடல், நீச்சல் குளம், நூலகம், சாப்பாட்டுக் கடை, எல்லாம் ஒரே இடத்துல. காலையில தாத்தா பாட்டி நடக்கறாங்க, சாயங்காலம் பசங்க பந்து ஆடுறாங்க, ராத்திரி பத்து மணிக்கும் விளக்கு எரியுது. ஒரு பெரிய அரங்கத்துக்குப் போடற காசுல அந்த மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேட்டைக்குக் கட்டலாமே?

ஷாலினி_ஜே | செவ்வாய், காலை 8.30

ரேணு அக்கா, பேட்டைக்கும் கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. தோ பாயோவுல விளையாட்டு, பலதுறை மருந்தகம், நூலகம் எல்லாம் சேர்த்து வரப்போகுது. ஒண்ணைக் கட்டினா இன்னொண்ணு கிடையாதுன்னு யாரும் சொல்லல.

புங்கோல்_ரேணு | செவ்வாய், காலை 8.41

சொல்ல மாட்டாங்க ஷாலினி. ஆனா எது முதல்ல வருதுன்னு பார்த்தா தெரியும்.

கணக்கப்பிள்ளை | செவ்வாய், மதியம் 12.50

ரேணும்மா, பேட்டை மையம் சம்பாதிக்காது. கோர்ட்டு வாடகை விளக்குச் செலவுக்கே இழுபறி. வருசா வருசம் மானியம் போகும். அது தப்புன்னு நான் சொல்லல, நூலகம் சம்பாதிக்கணும்னு யார் எதிர்பார்க்கறா? பெரிய அரங்கத்தோட வாதம் வேற: அது தன்னைத் தானே ஓரளவு தாங்கும், ஊருக்கு வெளிய இருந்து காசைக் கொண்டுவரும். அந்த வாதத்தை ஏத்துக்கிட்டா, கணக்கைக் காட்டணும். அங்கதான் இடிக்குது.

பணம் எங்க இருந்து வரும்னும் யோசிச்சுப் பார்த்தேன். பெரிய உள்கட்டமைப்புக்குக் கடன் வாங்க 2021-ல ஒரு சட்டம் வந்துச்சு, 90 பில்லியன் வரைக்கும் வாங்கலாம். ஆனா அதுக்குத் தகுதி வேணும்னா திட்டம் 4 பில்லியனாவது இருக்கணும், 50 வருசமாவது நிக்கணும். எம்ஆர்டி தடம், கடல் தடுப்பு மாதிரி வேலைக்கு அது. ஒரு உள்ளரங்கம் அந்த வாசல்லயே நுழையாது. அப்ப மிச்சம் ரெண்டு வழி: நேரா வரவுசெலவுத் திட்டத்துல இருந்து, இல்ல மறுபடியும் தனியாரைக் கூட்டு சேர்த்து. ரெண்டாவது வழின்னா 2010-ல எழுதாம விட்டதை இந்தத் தடவை எழுதிக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடணும்.

தேக்கா_குமார் | செவ்வாய், மதியம் 1.15

கணக்கைக் காட்டணும்னு சொன்னீங்களே, அதைத்தான் நானும் கேக்கறேன். ஸ்விஃப்டுக்கு மானியம் கொடுத்தோம்னு அப்ப பிரதமரா இருந்த லீ சியன் லூங்கே ஒத்துக்கிட்டாரு. எவ்வளவுன்னு கேட்டா வணிக ரகசியம். அப்ப இருந்த தாய்லாந்துப் பிரதமர் ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை மில்லியன்னு வெளிப்படையாச் சொன்னாரு, நம்ம அமைச்சர் அவ்வளவெல்லாம் இல்லைன்னாரு. அப்ப எவ்வளவுதான்? எஃப் ஒன் கார்ப் பந்தயத்துக்கு 60 விழுக்காடு பொதுப்பணம், 2028 வரைக்கும் ஒப்பந்தம். அதை வெளிய சொல்ல முடியுது, இதை மட்டும் ஏன் முடியல?

ஷாலினி_ஜே | செவ்வாய், மதியம் 1.32

சொன்னா அடுத்த கலைஞர் அதைவிட ஒரு மடங்கு கூடக் கேப்பார் அண்ணா. வியாபாரத்துல யாரு தன் கடைசி விலையை வாசல்ல எழுதி ஒட்டுவா?

தேக்கா_குமார் | செவ்வாய், மதியம் 1.38

தன் காசா இருந்தா ஒட்ட வேண்டாம்.

நெறியாளர் | செவ்வாய், மதியம் 2.10

ஒருவருடைய இசை ரசனையைப் பற்றியும் வயதைப் பற்றியும் வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அரங்கத்தைத் திட்டலாம், ஆளைத் திட்டாதீர்கள்.

மேடைக்காரன் | செவ்வாய், மாலை 5.45

நான் இந்தத் தொழில்ல பதினஞ்சு வருசமா இருக்கேன், மேடை, விளக்கு ஏத்தி இறக்கற வேலை. கச்சேரியில பாடறவர் மூஞ்சியை நான் நேரா பார்த்ததே கம்மி, அவர் காலுக்குக் கீழ இருக்கிற பலகையைத்தான் பார்த்திருக்கேன். உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

முந்தின நாள் ராத்திரி பூப்பந்து முடியுதுன்னு வைங்க. கோர்ட்டு விரிப்பைச் சுருட்டி எடுக்கணும். தரை மேல கனமான பலகை அடுக்கணும், இல்லேன்னா ஃபோர்க்லிஃப்ட் ஏறினா தரை போயிடும். விடியறதுக்கு முன்னாடி லாரி வரிசை கட்டும். பெரிய சுற்றுப்பயணம்னா இருபது முப்பது கன்டெய்னர். ஒரு ஆள் வரைபடத்தைப் பார்த்துத் தரையில சாக்பீஸால புள்ளி வைப்பான். அந்தப் புள்ளிக்கு நேர் மேல, கூரைச் சட்டத்துல பெல்ட்டு மாட்டிக்கிட்டு ஏறின ஆளுங்க சங்கிலியை இறக்குவாங்க. அதுல மோட்டார் மாட்டி விளக்கு, ஸ்பீக்கர், திரை எல்லாத்தையும் தூக்கணும். ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவுதான் எடைன்னு பொறியாளர் எழுதிக் கொடுப்பார், ஒரு கிலோ கூட்டினாலும் கையெழுத்துப் போட மாட்டார். இப்ப வர்ற கலைஞர்கள் பத்து வருசத்துக்கு முன்னாடி வந்ததைவிட ரொம்பக் கனமாக் கொண்டுவர்றாங்க. எல்லாம் அந்தத் திரைதான். 1980-கள்ல வரைஞ்ச கூரைங்கள்ல நாங்க எதையாவது கழட்டி ஓரமா வைக்கத்தான் வேண்டியிருக்கும். அதனால, ‘பழசு நல்லாத்தானே இருக்கு’ன்னு வெளிய இருந்து பார்த்துச் சொல்லாதீங்க குமார்.

ஆனா உங்க பக்கமும் ஒண்ணு சொல்றேன். ஒரு ராத்திரிக் கச்சேரிக்கு அரங்கம் போறது ஒரு நாள் இல்ல. ஏத்த ஒண்ணு ரெண்டு நாள், ஒத்திகை, நிகழ்ச்சி, இறக்க ஒரு ராத்திரி, மறுபடி கோர்ட்டு விரிக்க ஒரு நாள். நாலு நாள் சுலபமாப் போயிடும். வருசத்துல அறுபது கச்சேரின்னு எவனாவது பெருமையாச் சொன்னா, விளையாட்டுக்கு எத்தனை நாள் மிச்சம்னு நீங்களே கழிச்சுப் பார்த்துக்கங்க.

கணக்கப்பிள்ளை | செவ்வாய், மாலை 6.20

இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். மேடைக்காரரே, நன்றி. 2016-ல அணிவகுப்புக்கு நாள் பத்தாமப் போனதும் இதே கணக்குதான்: நிகழ்ச்சி ஒரு நாள், ஏத்தி இறக்கி ஒத்திகை பார்க்க வாரக்கணக்கு.

அப்ப என் நிலை இது. கட்டடச் செலவு எவ்வளவா இருந்தாலும் அது ஒரு தடவை அடிக்கிற அடி. நாள்காட்டி வருசா வருசம் அடிக்கும். கட்டறதுக்கு முன்னாடியே தேசிய அணிகளுக்கு இத்தனை நாள், பள்ளிகளுக்கு இத்தனை நாள், சமூகக் குழுக்களுக்கு இத்தனை நாள்னு எழுதணும். அதுவும் ‘நிகழ்ச்சி நாள்’னு எழுதாம, ஏத்தி இறக்கற நாளையும் சேர்த்து எழுதணும். வருசக் கடைசியில எத்தனை நாள் யாருக்குப் போச்சுன்னு வெளியிடணும். ஸ்விஃப்டுக்குக் கொடுத்த விலை ரகசியமா இருக்கட்டும், நாள் எண்ணிக்கை என்ன ரகசியம்?

சிலம்பம்_செல்வா | செவ்வாய், இரவு 9.50

வகுப்பு முடிச்சுட்டு வந்து இப்பதான் வாசிச்சேன். சமூகக் குழுன்னு கணக்கப்பிள்ளை அண்ணன் ஒரு வார்த்தை எழுதினாரே, அந்தக் குழு நாங்கதான்.

நாப்பது பிள்ளைங்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கறேன். சமூக மன்ற மண்டபம்தான் எங்களுக்கு. கம்பை மேல சுத்தினா விளக்குல படுது, இல்ல ஃபேன்ல. சின்னப் பிள்ளைங்களுக்குப் பரவாயில்ல. பெரிய பசங்க ஆளுயரத்துக்கு மேல கம்பு பிடிக்கிறாங்க, அவங்களை உள்ள வெச்சுப் பழக்க முடியாது. வெளிய புளோக்குக்குக் கீழ பழகினா சத்தம்னு மேல இருந்து புகார் வருது. மழை வந்தா அன்னைக்கு வகுப்பு இல்ல. ஒரு தடவை போட்டி நடத்தலாம்னு கூரை உயரமா இருக்கிற ஒரு பெரிய மண்டபத்துல விலை கேட்டேன். எந்த இடம்னு சொல்லல. சொன்ன தொகைக்கு நாப்பது பிள்ளைங்க ஒரு வருசம் கட்டற கட்டணம் பத்தாது. அதுவும் வாரநாள் காலையிலதான் காலின்னாங்க. வாரநாள் காலையில பிள்ளை பள்ளிக்கூடம் போகாம எங்கிட்டயா வரும்?

ஃபேரர் பார்க் திடல்லதான் எங்க ஆசான் முதல்ல கம்பு பிடிச்சது. அங்கயும் வீடு வரப்போகுதுன்னு 2021-ல சொல்லிட்டாங்க. வீடு வேண்டாம்னு யார் சொல்லுவா, என் தங்கச்சியே பிடிஓன்னு அரசாங்கம் கட்டற புது வீட்டுக்கு வரிசையில நிக்கறா. ஆனா கம்பு சுத்த ஒரு உயரமான கூரை வேணும். 18,000 இருக்கை எனக்கு வேண்டாம், ஒரு இருக்கைகூட வேண்டாம்.

காலாங்_ரசிகன்73 | புதன், காலை 6.55

தம்பி செல்வா சொன்ன ஃபேரர் பார்க்கில்தான் 1942 பிப்ரவரியில் இந்திய வீரர்களை ஜப்பானியர் கூட்டி வைத்துப் பேசினார்கள். எத்தனையோ பந்தாட்டங்களும் அரசியல் கூட்டங்களும் பார்த்த மண். அது வேறு இழைக்கான பேச்சு, விடுகிறேன்.

ஒன்று மட்டும். 2025 அக்டோபர் 9ஆம் தேதி சிங்கப்பூரும் இந்தியாவும் கால்பந்து ஆடியபோது நான் காலாங்கில் இருந்தேன். எனக்குப் பின்வரிசையில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் பத்துப் பேர், நீலச் சட்டையில். நான் சிவப்பில். 1-1 என்று முடிந்தது. கடைசி நேரத்தில் அவர்கள் சமன் செய்தபோது என் காதே அடைத்துவிட்டது. அடுத்த மாதம் நம் பையன்கள் ஹாங்காங்கை 2-1 என்று வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். அதுவும் எங்கே? ஷாலினி பொறாமைப்பட்ட அந்தக் கை டாக்கில்! புது அரங்கம் இருந்தும் தோற்றது அவர்கள்.

ஷாலினி_ஜே | புதன், காலை 8.15

பொறாமை எல்லாம் இல்ல தாத்தா, லேசா ஒரு வயித்தெரிச்சல்.

கணக்கப்பிள்ளை சார் சொல்ற மாதிரி நாளை முன்னாடியே பூட்டி வெச்சா ஒரு பிரச்சினை இருக்கு. பெரிய சுற்றுப்பயணங்கள் ஒண்ணரை வருசத்துக்கு முன்னாடியே தேதி கேக்கும். ‘அந்த வாரம் பள்ளிப் போட்டிக்கு ஒதுக்கியாச்சு’ன்னா அவங்க நேரா கோலாலம்பூருக்குப் போயிடுவாங்க. அப்புறம் பள்ளிப் போட்டியும் மழைன்னு தள்ளிப்போச்சுன்னா அரங்கம் பூட்டிக் கிடக்கும்.

மேடைக்காரன் | புதன், காலை 9.05

உள்ளரங்கத்துல மழைக்கு என்னம்மா தள்ளிப்போகுது?

ஷாலினி_ஜே | புதன், காலை 9.07

சரி சரி, மழையை விடுங்க! தேதி இடிக்கிறது நிஜம்தானே?

மேடைக்காரன் | புதன், காலை 9.30

நிஜம். சுற்றுப்பயணம் எல்லாம் ஒரே மாசங்கள்ல வந்து மோதும், பூப்பந்து ஓப்பன் மாதிரி சர்வதேசப் போட்டிக்குத் தேதி வெளிய இருந்து வரும், அதை நகர்த்த முடியாது. ஆனா சமூகக் குழுவுக்கும் பள்ளிக்கும் எந்த வாரமா இருந்தாலும் ஓகே, சனிக்கிழமையா இருந்தா போதும். அதனால தேதியைப் பூட்டாம எண்ணிக்கையைப் பூட்டலாம். வருசத்துக்கு இத்தனை சனி ஞாயிறு பொதுமக்களுக்குன்னு சொல்லிட்டு, எந்த வாரம்னு ஆறு மாசத்துக்கு முன்னாடி முடிவு பண்ணட்டும். ரெண்டு கச்சேரிக்கு நடுவுல விழற நாள்லயும் கூப்பிடலாம். எங்களுக்கும் அந்த நாள்ல சும்மா உட்கார்ந்து டீ குடிக்கிற வேலைதான்.

புங்கோல்_ரேணு | புதன், காலை 10.12

சனிக்கிழமையைக் குறிப்பாப் போடச் சொல்லுங்க. இல்லேன்னா செவ்வாய்க்கிழமை காலையில எட்டு மணிக்குக் கொடுத்துட்டு "சமூகத்துக்கு ஐம்பது நாள்"னு அறிக்கை எழுதிடுவாங்க.

கணக்கப்பிள்ளை | புதன், காலை 10.40

ரேணும்மா, நீங்க எங்க ஆபீஸுக்கு வேலைக்கு வந்துடுங்க.

காலாங்ல இப்ப நடத்தறது அரசாங்கத்துக்குச் சொந்தமான நிறுவனம்தான், தனியார் இல்ல. அதனால இதைக் கேக்கறது முன்னைவிட எளிது. ஒப்பந்தம் முறிக்க வேண்டாம், நஷ்ட ஈடு வேண்டாம், ஒரு உத்தரவு போதும். 2029-ல தென்கிழக்காசிய விளையாட்டுகள் வேற இங்க வருது. அந்தச் சமயத்துல ‘விளையாட்டு, விளையாட்டு’ன்னு எல்லா வாயும் பேசும். அதுக்கு முன்னாடி எழுத்துல வாங்கிடணும்.

தேக்கா_குமார் | புதன், இரவு 8.25

எனக்கு இன்னும் 18,000 மேல சந்தேகம் தீரல, சொல்லிட்டேன். மேடைக்காரர் கூரையைப் பத்திச் சொன்னது நியாயம்தான், ஆனா கூரை பலமா இருக்கணும்னா இருக்கையும் ஆறாயிரம் கூடணும்னு யார் சொன்னது? அது தனிச் சண்டை, பிறகு வெச்சுக்கறேன்.

திங்கட்கிழமை எங்க தொகுதி உறுப்பினரோட மக்கள் சந்திப்பு இருக்கு. எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன்: கட்டுமானச் செலவு என்ன, எந்த வழியில பணம், வருசத்துல எத்தனை நாள் விளையாட்டுக்கு, அதுல எத்தனை சனி ஞாயிறு பொதுமக்களுக்கு, ஏத்தி இறக்கற நாள் யார் கணக்குல. ராஜ், உங்க ரோடு விசயத்தையும் சேர்த்துட்டேன். வேற ஏதாவது இருந்தா ஞாயிறுக்குள்ள சொல்லுங்க.

சிலம்பம்_செல்வா | புதன், இரவு 10.05

குமார் அண்ணே, அரங்கத்தோட சேர்த்துப் பயிற்சி மண்டபம் கட்டுவாங்கல்ல, அதோட கூரை உயரம் எத்தனை மீட்டர்னு கேளுங்க. பூப்பந்து ஆடற உயரம் இருந்தாலே எங்களுக்குத் தாராளம்.

மேடைக்காரன் | புதன், இரவு 11.30

இன்னொண்ணு சேர்த்துக்கங்க. வாடகையில தரை விரிக்கிற கூலி அடங்குமா, தனியான்னு கேளுங்க. செல்வா தம்பிக்கு அந்த விலை சொன்னதுல பாதி அதுவாத்தான் இருக்கும். கச்சேரிக்குப் போட்ட பலகையை எடுத்துட்டு வெறும் தரையைக் கொடுத்தா சிலம்பக்காரங்களுக்குப் போதும், கோர்ட்டு விரிப்பே தேவையில்ல. அதைத் தனி விலையாப் போடச் சொல்லுங்க.